சனிக்கிழமை ராத்திரி சீட்டுக்கு எந்த ஆட்டம்: ரம்மியா, கழுதையா, 304ஆ, ஜட்ஜ்மென்ட்டா?

நாலே நாலு பேரு, நாலு பேருமே பெரியவங்க, எல்லாருக்கும் சீட்டு தெரியும்னா யோசிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, 304 ஆடிட்டு போயிட்டே இருக்கலாம். எங்க வீட்டு நிலைமை அப்படி இல்லயே. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடிச்சு ஹால்ல பாய விரிச்சா எழுபது தாண்டின பாட்டி ஒரு பக்கம், மூணாவது படிக்கிற அண்ணன் பொண்ணு ஒரு பக்கம், நடுவுல அப்பா, அண்ணன், அண்ணி, ஏழாவது படிக்கிற பெரியவன், நான், அப்புறம் அடுப்படி வேலை முடிஞ்சு பாதியில வந்து சேர்ற அம்மா. அண்ணனுக்கு ஷிஃப்ட் இருந்தா ஒரு தலை குறையும், லீவுல சித்தி பசங்க வந்தா ரெண்டு தலை கூடும். இந்த கும்பலுக்கு எந்த ஆட்டம்ங்கறதுதான் கேள்வி.

நெட்ல தேடினா எல்லாரும் ஆட்டத்தோட ரூல், ஸ்ட்ராட்டஜின்னு எழுதறாங்களே ஒழிய, ஃபேமிலியா உக்காரும்போது வர்ற பிரச்னைய யாரும் தொடறதில்ல. ஆட்டம் நல்ல ஆட்டமாங்கறது வேற, இந்த கூட்டத்துக்கு ஒத்து வருமாங்கறது வேற. நான் முதல்ல பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், தோத்துப்போன ஆளு மிச்ச நேரம் என்ன பண்ணுவாங்க? போன எடுத்து நோண்ட ஆரம்பிச்சிட்டாங்கன்னா அன்னிக்கு கதை முடிஞ்சது, அடுத்த ஆட்டத்துக்கு அவங்கள திரும்ப பாய்க்கு இழுத்துட்டு வர்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. அதுக்கப்புறம்தான் எத்தனை பேரு ஆடலாம், சின்னவளுக்கு புரியுமா, பாட்டிக்கு கண்ணு தெரியுமா, நடுவுல எந்திரிச்சு போயிட்டு வரலாமாங்கறதெல்லாம்.

எங்க வீட்டுல ஆளுங்கட்சி ரம்மிதான். அப்பா, பாட்டி ரெண்டு ஓட்டும் அதுக்கு நிச்சயம். ஆளுக்கு 13 சீட்டு, ரெண்டு கட்டு கலந்து ஜோக்கரையும் சேத்துட்டா ஆறு பேரு வரைக்கும் தாராளமா ஆடலாம். ஜோக்கர் ஒட்டாம ஒரிஜினல் ரம்மி ஒண்ணு கண்டிப்பா வேணும், ஆட்டின்ல 6, 7, 8ன்னு வரிசையா வர்ற மாதிரி, இன்னொரு வரிசைய ஜோக்கர் வெச்சு ஒப்பேத்திக்கலாம், மிச்சத்த செட்டா சேத்துக்கலாம். இத நான் புதுசா சொல்லித் தரணும்னு இல்ல, தமிழ்நாட்டுல சீட்டு தொட்ட எவருக்கும் தெரியும். ஆட்டமா பாத்தா இந்த லிஸ்ட்லயே ஆழமானது இதுதான்னு கூட சொல்லுவேன். நமக்கு அடுத்த கை உள்ளவங்க டைமன் 9 எடுத்தாங்கன்னா அதுக்கப்புறம் டைமன் 8, 10 ரெண்டையும் கீழ போட கை வராது, அதையே கையில புடிச்சு வெச்சிருந்தா பாயிண்ட் ஏறும், இந்த இழுபறியில பாட்டி அசகாய சூரி. கை சரியில்லன்னு தோணின அடுத்த செகண்ட் ஸ்கூட்டு விட்டுடுவாங்க, அதாவது அந்த ஆட்டத்த ஆடாமலே சீட்ட கீழ வெச்சுடுவாங்க. 101 பாயிண்ட் ஆட்டத்துல ஸ்கூட்டுக்கு 20, நடுவுல விட்டா 40, ஃபுல்லா மாட்டினா 80. கணக்கு போட்டு பாருங்க, அஞ்சு தடவ ஸ்கூட்டு விட்டாலும் 100தான், இன்னும் உயிரோட இருப்பாங்க, அதுக்குள்ள அப்பா ரெண்டு ஃபுல்லு வாங்கி அவுட்டாகி வெத்தலைப் பெட்டிய தேடிட்டு இருப்பாரு.

பிரச்னையும் அங்கயேதான் இருக்கு. 101 தொட்டவங்க அவுட்டு. ஆறு பேரு ஆடினா முதல்ல அவுட்டாகறது எப்பவும் பசங்கதான், ஏன்னா அவங்களுக்கு ஸ்கூட்டு விட மனசே வராது, கையில ஒரு ஜோக்கர பாத்துட்டா போதும் ஜெயிச்ச மாதிரியே ஆடுவாங்க. அவுட்டானப்புறம் மிச்சம் நாலு பேரு முடிக்கற வரைக்கும் அவங்க சும்மா உக்காரணும். இருக்கறதுலயே பெரிய பாயிண்ட் வாங்கிட்டு திரும்ப உள்ள வர்ற ரூல் உண்டுதான், ஆனா யாராவது 79 தாண்டிட்டா அதுவும் கிடையாது. இன்னொண்ணு, ரம்மி ஊமை ஆட்டம். அவங்கவங்க 13 சீட்ட அவங்கவங்க மொறச்சு பாத்துட்டு இருப்பாங்க, ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்கும். சின்னவ கையில 13 சீட்டு நிக்கவும் நிக்காது, விசிறி மாதிரி விரிக்கத் தெரியாம ரெண்டு கையாலயும் புடிச்சு நடுவுல ரெண்டு நழுவி மல்லாந்து விழுந்து எல்லாரும் பாத்துடுவாங்க, அப்புறம் அழுகை. இதுக்கு ஸ்கிராபிள் பெட்டியில இருந்து அந்த எழுத்து வெக்கிற கட்டைய எடுத்து குடுத்தோம், சீட்டு சாஞ்சு நிக்குது, அந்த அளவுக்கு பரவால்ல.

இதுல ஒரு கிளைக்கதை. காரைக்குடி அத்தை வந்தாங்கன்னா ரம்மிங்கற பேச்சே எடுக்க முடியாது, சீட்டுக்கட்ட பாத்தாலே மூஞ்சி மாறிடும். ரம்மி வெறும் அதிர்ஷ்டம் இல்ல, திறமைதான் அதுல பெரும்பங்குன்னு சுப்ரீம் கோர்ட்டே 1967லயே சொல்லிடுச்சுன்னு அப்பா ஒவ்வொரு தடவையும் வாதாடுவாரு, அத்தை அசைய மாட்டாங்க. ஆன்லைன் ரம்மியில பணம் போய் குடும்பங்க நாசமான செய்தியெல்லாம் வந்து, 2022ல தமிழ்நாட்டுல அவசரச் சட்டம் போடற அளவுக்கு போச்சே, அதுக்கப்புறம் 2025ல மத்திய அரசும் காசு வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டங்களுக்கு தடை கொண்டு வந்துச்சே, அவங்க பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்யுது. எங்க வீட்டுல காசு கிடையாது, புளியங்கொட்டைதான். அதுக்கும் அத்தை சொல்றது, "இன்னிக்கு புளியங்கொட்டை, நாளைக்கு என்னடா?"

பசங்க கட்சி ஊனோ. இத ஒதுக்கிட முடியாது, ஏன்னா கத்துக்க ரெண்டு நிமிஷம் போதும், கலருக்கு கலரு, நம்பருக்கு நம்பரு, அவ்வளவுதான். அமெரிக்காவுல ஓஹையோவுல முடிவெட்டற கடை வெச்சிருந்த மெர்ல் ராபின்ஸ்ங்கறவரு 1971ல உண்டாக்கின ஆட்டம் இது, கிரேசி எய்ட்ஸ்னு சாதா கட்டுல ஆடற ஒரு ஆட்டத்துல இருந்து வந்தது, அப்புறம் 1992ல மேட்டல் கம்பெனி கைக்கு போச்சு. அதனால கட்டு வாங்க மனசில்லன்னா சாதா சீட்டுலயே 8ஐ எந்த கலருக்கும் மாத்தற சீட்டா வெச்சு ஆடிக்கலாம், பசங்கதான் ஒத்துக்க மாட்டாங்க, அந்த கலர் கலரான பிளஸ் ஃபோர் இல்லாம அவங்களுக்கு ருசிக்காது.

எங்களுக்கு இடிக்கறது ரெண்டு விஷயம். ஒண்ணு பாட்டியோட கண்ணு. ராத்திரி லைட்டுல நீலத்தையும் பச்சையையும் அவங்களால பிரிச்சு பாக்க முடியல, ஒவ்வொரு சீட்டுக்கும் "இது என்ன கலருடா"ன்னு கேட்டா கையில இருக்கறது ஊருக்கே தெரிஞ்சிடுது. ரெண்டாவது ரூல் சண்டை. பிளஸ் டூ மேல பிளஸ் டூ போட்டு அடுத்தவன் தலையில நாலு கட்டறது எல்லா வீட்டுலயும் நடக்கற விஷயம், ஆனா கம்பெனி ரூல்படி அது கிடையாது, பிளஸ் டூ வந்தா ரெண்டு எடுத்துட்டு சான்ஸ விட்டுட வேண்டியதுதான். இத பெரியவன் ஒரு நாள் ரூல் பேப்பர்ல படிச்சு காமிச்சதுல இருந்து வீட்டுல ரெண்டு கட்சி ஆயிடுச்சு. அதோட பெரியவங்களுக்கு ஊனோ சீக்கிரம் சலிச்சிடும், யோசிக்கறதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, வந்த சீட்ட போடறதுதான். சாப்பாடு ரெடியாகற வரைக்கும் பசங்கள உக்கார வெக்கணும்னா ஓகே. அதுக்கு மேல நான் போக மாட்டேன்.

கழுதை விஷயத்துல எனக்கு கொஞ்சம் பாரபட்சம் உண்டு, சின்ன வயசுல ஆடி ஆடி ஊறினது. ஒரே கட்டு, மொத்த சீட்டையும் பிரிச்சு போட்டுடணும், ஆறு பேருன்னா நாலு பேருக்கு 9, ரெண்டு பேருக்கு 8. இஸ்பேட் ஆஸ் வெச்சிருக்கவங்க இறக்கணும், எல்லாரும் அதே வகைதான் போடணும், பெரிய சீட்டு போட்டவங்க அடுத்து இறக்குவாங்க, சுத்து முடிஞ்ச சீட்டெல்லாம் ஓரமா போயிடும். இறக்கின வகை கையில இல்லன்னா வேற எதையாவது போட்டு வெட்டலாம், வெட்டினா அந்த சுத்துல பெரிய சீட்டு போட்டவங்க மொத்தத்தையும் அள்ளிக்கணும். கை காலியானவங்க தப்பிச்சாங்க, கடைசியா சீட்டோட நிக்கறவங்க கழுதை.

பாத்தா குழந்தைங்க ஆட்டம், உள்ள கணக்கு இருக்கு. ஆறு பேரு ஆடறோம், ஒரு வகையில 13 சீட்டு. ரெண்டு சுத்து எல்லாரும் அதே வகை போட்டுட்டா 12 காலி. மூணாவது தடவ அதே வகைய இறக்கறவங்க கையில இருக்கறதுதான் மிச்சம் இருந்த ஒரே சீட்டு, அடுத்த ஆளு வெட்டினதும் போட்ட சீட்டே வெட்டின சீட்டோட சேந்து திரும்ப அவங்க கைக்கே வரும். இத சின்னவளுக்கு யாரும் சொல்லித் தரல, அவளா கண்டுபிடிச்சா, அதுலருந்து "இது எத்தனாவது சுத்து?"ன்னு கேட்டு கேட்டு ஆடறா. பெரிய சீட்டெல்லாம் முதல்லயே தள்ளிடணும், கடைசிக்கு 2, 3ன்னு பொடிசுங்கள வெச்சுக்கணும்ங்கறதும் தானா வந்துடுது. சத்தம், சிரிப்பு, "வெட்டுடா அவர"ன்னு பாட்டியே கத்தறது எல்லாம் இதுல உண்டு, ரம்மியில இந்த கூத்து கிடைக்கவே கிடைக்காது.

குறை என்னன்னா இது தலைகீழா வேலை செய்யுது, ஜெயிச்சவங்க எந்திரிச்சு போயிடறாங்க, தோக்கறவங்க மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. கடைசி ரெண்டு பேரு ஒருத்தர ஒருத்தர் வெட்டிட்டு சீட்டு அங்கயும் இங்கயும் போயிட்டே இருக்கும், முடியாது, மத்தவங்க கொட்டாவி விட ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் அந்த பட்டம். அப்பா கழுதையானா வீடே சிரிக்கும், சின்னவ கழுதையானா அன்னிக்கு தூங்கற வரைக்கும் சமாதானப்படுத்தணும், அவ அண்ணன் வேற காலையில பல்லு தேய்க்கும்போது ஞாபகப்படுத்துவான். ஆனாலும் ஆள் எண்ணிக்கை பத்தி கவலையே இல்லாத ஆட்டம், மூணு பேரும் ஆடலாம் எட்டு பேரும் ஆடலாம், அந்த ஒரு காரணத்துக்கே கையில வெச்சிருக்க வேண்டிய ஆட்டம்.

304 எங்க வீட்டுக்குள்ள வந்தது அக்கா கல்யாணத்துக்கு அப்புறம். அத்தானுக்கு சொந்த ஊர் இலங்கையில பருத்தித்துறை, இப்ப ரெண்டு பேரும் கனடாவுல, லீவுக்கு வந்தாங்கன்னா முதல் ராத்திரியே கட்டப் பிரிச்சு 2ல இருந்து 6 வரைக்கும் எல்லாத்தையும் எடுத்து ஓரமா வெச்சிடுவாரு. மிச்சம் 32 சீட்டு, நாலு பேரு, எதிரெதிரே உக்காந்தவங்க ஜோடி. ஜாக்கிதான் இதுல பெருசு, 30 பாயிண்ட், அடுத்தது 9க்கு 20, அப்புறம் ஆஸ் 11, பத்துக்கு 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்ணும் இல்ல. ஒரு வகைக்கு 76, நாலு வகைக்கு 304. முதல்ல ஆளுக்கு நாலு சீட்டு மட்டும் போட்டு அத வெச்சே எத்தனை பாயிண்ட் எடுப்போம்னு ஏலம் மாதிரி கேக்கணும், 160ல ஆரம்பிக்கும், கேட்டு எடுத்தவரு துருப்பு சீட்ட, அதாவது மத்த வகையெல்லாம் வெட்டற வகைய, குப்புற வெச்சிடுவாரு, அப்புறம் மிச்ச நாலு சீட்டு வரும்.

இந்த குப்புற வெக்கற விஷயத்துலதான் ஆட்டத்தோட உயிரே இருக்கு. துருப்பு என்னன்னு வெச்சவருக்கு மட்டும்தான் தெரியும், அவரோட ஜோடிக்கே தெரியாது. இறக்கின வகை நம்ம கிட்ட இல்லன்னா நாம ஒரு சீட்ட குப்புற போடணும், சுத்து முடிஞ்சதும் கேட்டவரு அத தூக்கிப் பாப்பாரு, துருப்பா இருந்தா வெளிய காமிச்சு ஆட்டம் தலைகீழா மாறும், இல்லன்னா ஒண்ணும் சொல்லாம அப்படியே வெச்சிடுவாரு. அவரு அந்த சீட்ட தூக்கிப் பாக்கற ரெண்டு செகண்ட்ல மத்த மூணு பேரு கண்ணும் அவர் மூஞ்சியிலதான் இருக்கும். அத்தானோட மூஞ்சியில ஈ ஆடாது. "எங்கட ஊரில கரண்ட் இல்லாத காலத்தில விளக்கு வெளிச்சத்தில விடிய விடிய இதுதான்"னு சொல்லுவாரு. என்னைக் கேட்டா சீட்டாட்டத்துல இவ்வளவு சஸ்பென்ஸ் வேற எதுலயும் இல்ல.

ஆனா குடும்பத்துக்கு? நாலு பேருதான் ஆட முடியும், மத்தவங்க வேடிக்கை. பாட்டிக்கு ஆஸ விட ஜாக்கி பெருசுங்கறது கடைசி வரைக்கும் மண்டையில ஏறவே இல்ல, "காலங்காலமா ஆஸ்தான்டா பெருசு, இவரு என்ன புதுசா சொல்றாரு"ன்னு அத்தான் காதுல விழற மாதிரியே சொல்லுவாங்க. அதோட ஜோடி ஆட்டம்ங்கறதால புதுசா ஆடறவங்க ஒரு தப்பு சீட்டு போட்டா ஜோடிக்கும் சேத்து போச்சு, புருஷன் பொண்டாட்டி ஜோடியா உக்காரக்கூடாதுங்கறது அனுபவசாலிங்க சொன்னது. 304க்கு ஆள் செட் ஆகாதவங்க, எண்ணிக்கை லேசா இருக்கணும்னு பாக்கறவங்க, கேரளா பக்கத்து 28 ஆடிப் பாக்கலாம், இதே ஜாக்கி, 9 வரிசைதான், ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் 1, மொத்தமே 28, விரல்லயே எண்ணிடலாம். ஆனா அதுவும் நாலு பேரு கணக்குதான், எங்க பிரச்னை தீராது.

லிட்டரேச்சர் எனக்கு ஹாஸ்டல்ல பழக்கமான ஆட்டம். ஆறு பேரு, மூணு மூணா ரெண்டு டீம், மாத்தி மாத்தி உக்காரணும். நாலு எட்டையும் எடுத்துட்டா 48 சீட்டு, ஆளுக்கு 8, ஒவ்வொரு வகையிலயும் 2ல இருந்து 7 வரைக்கும் ஒரு செட்டு, 9ல இருந்து ஆஸ் வரைக்கும் ஒரு செட்டு, ஆக எட்டு செட்டு. எதிர் டீம்ல யாரையாவது பாத்து "இஸ்பேட் ராணி இருக்கா?"ன்னு கேக்கணும், இருந்தா குடுத்துடணும், நம்ம சான்ஸ் தொடரும், இல்லன்னா சான்ஸ் அவங்களுக்கு போயிடும். கேக்கறவங்க கையில அந்த செட்டுல ஒரு சீட்டாவது இருக்கணும், கேக்கற சீட்டே கையில இருக்கக் கூடாது. அதனால ஒவ்வொரு கேள்வியும் ஒரு துப்பு, நீங்க இஸ்பேட் ராணி கேட்டாலே மேல் செட்டு இஸ்பேட் உங்ககிட்ட ஒண்ணாவது இருக்கு, ராணி இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. யாரும் அவுட்டாகறதும் பெருசா இல்ல, பேச்சும் உண்டு, கேள்வி கேக்கறதுதானே ஆட்டமே.

அப்புறம் ஏன் வேணாம்ங்கறேன்? நடுவுல எந்திரிச்சா போச்சு. அண்ணி பால் பொங்குதான்னு பாத்துட்டு வர்றதுக்குள்ள நாலு கேள்வி கேட்டாச்சு, திரும்ப வந்து "யாரு என்ன கேட்டா?"ன்னு கேட்டா சொல்லவும் கூடாது, ரூல் அப்படி. பாட்டிக்கு ஞாபகம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எந்த கல்யாணத்துல யாரு சாப்பிடாம போனாங்கன்னு வருஷத்தோட சொல்லுவாங்க, ஆனா கிளாவர் 4 யாரு கிட்ட இருந்து யாரு கிட்ட போச்சுங்கறது அவங்களுக்கு முக்கியமா படல. கரெக்டா ஆறு பேரோ எட்டு பேரோ வேணும்ங்கறது வேற. காலேஜ் பசங்க, கசின்ஸ் கூட்டம்னா கண்ண மூடிட்டு இதத்தான் சொல்லுவேன்.

ப்ளஃப் பத்தி ஒரு வரி போதும், பொய் சொல்லித்தான் ஜெயிக்கணும்ங்கறதால பசங்க கொண்டாடுவாங்க, பாட்டி முன்னாடி முகத்த பாத்து பொய் சொல்ல அப்பாவுக்கு இன்னும் வரல. மங்காத்தா உள்ள வெளியன்னு வெறும் அதிர்ஷ்டம், காசு இல்லாம அதுல ஒண்ணும் இல்ல, வீட்டுக்கு வேணவே வேணாம்.

மிச்சம் ஜட்ஜ்மென்ட். இதுக்குத்தான் என் ஓட்டு. குஜராத்துல இதே ஆட்டத்த கச்சுஃபுல்னு ஆடறாங்க, அங்க துருப்பு வரிசையா மாறும், இஸ்பேட், டைமன், கிளாவர், ஆட்டின், நாங்களும் அதே வரிசைதான் வெச்சிருக்கோம். முதல் ஆட்டம் ஆளுக்கு 7 சீட்டு, அடுத்தது 6, அப்படியே 1 வரைக்கும் இறங்கும். ஏழு பேரு இருந்தா ஏழேழு 49, ஒரே கட்டுல அடங்கிடும். எட்டு பேரு ஆயிட்டா 6ல இருந்து ஆரம்பிச்சா போதும். சீட்ட பாத்துட்டு நான் எத்தனை பிடி பிடிப்பேன்னு, அதாவது எத்தனை சுத்து ஜெயிப்பேன்னு, ஒவ்வொருத்தரா சொல்லணும், சொன்னத கரெக்டா பிடிச்சா 10 கூட அந்த பிடி எண்ணிக்கை, ஒண்ணு கூடினாலும் முட்டை, குறைஞ்சாலும் முட்டை. ரெண்டு சொல்லி ரெண்டு பிடிச்சா 12, சைபர் சொல்லி சைபர் பிடிச்சா 10. அதாவது கை நல்லா இல்லாதவங்களுக்கும் பாயிண்ட் உண்டு, சீட்டு வரலன்னு மூஞ்சிய தூக்கி வெச்சுக்க வழியே இல்ல. யாரும் அவுட்டாகறது இல்ல, கடைசி ஆட்டம் வரைக்கும் எல்லாரும் பாய்லதான்.

இதோட விஷமம் எல்லாம் ஒரே ரூல்ல இருக்கு, எல்லாரும் சொன்னதக் கூட்டினா இருக்கற பிடி எண்ணிக்கைக்கு சமமா வரக்கூடாது, அதனால சீட்டு போட்டவரு கடைசியா சொல்லும்போது ஒரு நம்பர் அவருக்கு கிடையாது. போன வாரம் ஒரு அஞ்சு சீட்டு ஆட்டம், டைமன் துருப்பு. அண்ணி சீட்டு போட்டாங்க. பாட்டி 1, அப்பா 2, பெரியவன் சைபர், சின்னவ 1, நான் சைபர். கூட்டினா 4. அண்ணி 1 சொல்லக் கூடாது. அவங்க கையில ஆட்டின் ஆஸ், டைமன் 4, இஸ்பேட் 7, கிளாவர்ல 9ம் 3ம், பாத்தாலே தெரியும் அது ஒரு பிடி கைதான்னு. சைபர் சொன்னா ஆஸ எங்கயாவது ஒளிக்கணும், அது நடக்காத காரியம். ரெண்டுன்னு சொல்லிட்டாங்க. இப்ப அஞ்சு பிடிக்கு ஆறு கேட்டாச்சு, யாரோ ஒருத்தர் கண்டிப்பா விழணும். பாட்டி இஸ்பேட் ஆஸ இறக்கி அவங்க ஒண்ண எடுத்துட்டாங்க, அண்ணியோட 7 அதுல போச்சு. பாட்டிக்கு இனிமே பிடி வரக்கூடாது, அதனால பொடி இஸ்பேட் ஒண்ண இறக்கினாங்க, அண்ணிதான் கடைசி கை, இஸ்பேட் இல்ல, டைமன் 4ஐ வெச்சு தட்டித் தூக்கிட்டாங்க, அடுத்த நொடியே ஆட்டின் ஆஸ இறக்கி ரெண்டாவதும் முடிச்சாங்க. அப்புறம் கிளாவர் 9, அத சின்னவ ராஜாவ போட்டு எடுத்து குதிச்சா. கடைசி பிடி அப்பாவுக்கு, ஆனா அவரு கேட்டது ரெண்டு. முட்டை. ரம்மியில ஊரையே மிரட்டறவரு இங்க எட்டு வயசு பொண்ணுகிட்ட தோத்ததுக்கு "ராஜா இருக்குன்னு சொல்லவே இல்லயே"ன்னு சொல்றாரு, எப்படிப்பா சொல்லுவா.

ஒரு சீட்டு ஆட்டம் வரும்போது பசங்க சீட்ட பாக்காம நெத்தியில வெச்சுக்குவாங்க, மத்தவங்க சீட்டு தெரியும், அவங்கவங்க சீட்டு மட்டும் தெரியாது, அதுல சைபரா ஒண்ணான்னு சொல்லணும். பாட்டி நெத்தியில விபூதி மேல கிளாவர் 2ஐ ஒட்டி வெச்சுட்டு "ஒண்ணு"ன்னு அடிச்சு சொல்லும்போது யாரும் சிரிக்காம இருக்க முடியாது, சிரிச்சா அவங்களுக்கு துப்பு குடுத்த மாதிரி ஆயிடும், அதனால எல்லாரும் கூரைய பாத்துட்டு இருப்போம்.

குறையே இல்லயான்னா இருக்கு. நோட்டும் பேனாவும் வேணும், ஒருத்தர் கணக்கு எழுதணும், அந்த ஆளு ஆட்டத்துல பாதி கவனத்த விட்டுடுவாங்க. துருப்பு, பிடிங்கறது சின்னவளுக்கு பிடிபட கொஞ்ச நாள் ஆச்சு, ஆனாலும் ஏற்கனவே கழுதை ஆடி ஒரே வகை போடற பழக்கம் வந்திருந்ததால மத்ததெல்லாம் சுலபமா ஏறிச்சு, அதனால குழந்தைங்க இருக்கற வீட்டுல முதல்ல கழுதைய ஆட விட்டு அப்புறம் இதுக்கு வாங்கன்னுதான் சொல்லுவேன். நாலு பேருக்கு கீழன்னா ஜட்ஜ்மென்ட் சப்புன்னு இருக்கும், பாதி கட்டு ஆட்டத்துக்கே வராது, யாரு கிட்ட என்ன இருக்குன்னு ஊகிக்க முடியாது. அன்னிக்கு ரம்மி ஆடுங்க, மூணு பேருக்கு ரம்மி பிரமாதம்.

பாதியில வர்ற அம்மா விஷயத்துக்கு நாங்க வெச்சிருக்கற வழி, கடைசியில இருக்கறவங்க பாயிண்ட் எவ்வளவோ அத்தனையும் அம்மாவுக்கு குடுத்து அடுத்த ஆட்டத்துல இருந்து சேத்துக்கறது. ரம்மியில இது முடியவே முடியாது, 304ல இடமே இல்ல. தூக்கம் வந்து சின்னவ சாஞ்சுட்டாலும் அடுத்த ஆட்டத்துல ஆள் குறைஞ்சா குறைஞ்சதுதான், ஒண்ணும் கெட்டுப் போகல. இன்னும் தீராத வழக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கு, சீட்டு போட்டவருக்கு ஒரு நம்பர் கிடையாதுங்கற ரூல சின்னவளுக்கு மட்டும் தளர்த்தணும்ங்கறது பாட்டி கட்சி, கூடவே கூடாதுங்கறது அவள பெத்த அண்ணியே. சின்னவள கேட்டோம், அவளுக்கு சலுகை வேணாமாம், அப்பாவுக்கும் அந்த ரூல் இருக்கணும், அது மட்டும் போதுமாம்.